தேசத்தின் கடனும் மூன்றாம் தெருத் தண்ணீரும்

செல்வமேரியின் புருஷன் சவுரிமுத்துவைச் சோம்பேறி என்று சொல்கிறவர்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். சோம்பேறி என்றால் சும்மா இருக்கிறவன். சவுரிமுத்து ஒரு நாள்கூடச் சும்மா இருந்ததில்லை. விடிந்ததிலிருந்து வாய் ஓயாமல் உழைத்த மனுஷன். அந்த உழைப்புக்கு யாரும் சம்பளம் தரவில்லை, அவ்வளவுதான் குறை.

செல்வமேரி இரும்புலியூர்க்காரி. அவள் அப்பா அந்தோணிசாமி திரிசூலம் மலையில் கல் உடைத்தவர். பேச்சு என்பதே அவருக்குக் கிடையாது. சோறு வேண்டுமென்றால் தட்டைத் தட்டுவார், வேண்டாமென்றால் எழுந்து போவார். அந்த வீட்டில் வளர்ந்தவளுக்குப் பெண் பார்க்க வந்த சவுரிமுத்துவைப் பார்த்ததும் ஒரே ஆச்சரியம். வந்து உட்கார்ந்ததும் கூட வந்த பாதிரியாரிடம், மாதா கோயில் மணியை விடியற்காலையில் அடிப்பது நியாயமா, ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்குகிறவன் என்ன பாவம் செய்தான் என்று வாதாட ஆரம்பித்துவிட்டான். பாதிரியார் பஜ்ஜியை வாயில் வைத்துக்கொண்டே முழித்தார். உள்ளே நின்ற செல்வமேரி, நமக்குப் பேச்சுத் துணை கிடைத்தது என்று சந்தோஷப்பட்டாள். துணை கேட்டவளுக்கு ஆண்டவர் குழாய் ஸ்பீக்கரையே கட்டி வைத்தார்.

கல்யாணத்துக்கு அப்புறம் அவன் பார்த்த வேலைகளைச் சொன்னால் சிரிப்பீர்கள். குரோம்பேட்டைப் பக்கம் ஒரு தோல் ஷெட்டில் இருந்தான். ஆட்டுத் தோல் உசத்தியா மாட்டுத் தோல் உசத்தியா என்று மேஸ்திரியோடு வாதம். மேஸ்திரி ஆடு என்றார். இவனும் முதலில் ஆடுதான் என்றான், ஆனால் மேஸ்திரி சொன்ன காரணம் தப்பு என்றான். வேலை போயிற்று. தாம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் வாட்ச்மேனாக நின்றான். வரதட்சணை சட்டப்படி குற்றம் என்று மாப்பிள்ளையின் அப்பாவுக்கு வாசலிலேயே விளக்கினான். மாலைக்குள் அந்த வேலையும் போயிற்று. பிறகு ஒரு சைக்கிள் ஸ்டாண்டு. அங்கே இவன் பேசிக்கொண்டிருக்க, சைக்கிள்கள் தாமாகவே வீட்டுக்குப் போய்விட்டன. யார் வீட்டுக்கு என்றுதான் தெரியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் பீர்க்கன்கரணை ஏரிப் பக்கம் நிலத்தைப் பிளாட் போட்டு விற்றார்கள். அதில் ஒன்று கற்பகம் நகர். மொத்தம் மூன்று தெரு. முதல் தெருவில் ஆபீஸ்காரர்களும் டீச்சர்களும் மாடி வைத்துக் கட்டினார்கள். இரண்டாம் தெருவில் பாதி வீடு கட்டிப் பாதி வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏரிக்கரையை ஒட்டிய மூன்றாம் தெருவில் சித்தாள், கொத்தனார், வாடகைக் குடித்தனங்கள். எல்லோரும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்து, கிணறு வெட்டி, மோட்டார் போட்டு, தூண் நிறுத்தி மேலே தண்ணீர்த் தொட்டி கட்டினார்கள். மோட்டார் போட்டு வால்வு திறந்துவிட ஓர் ஆள் வேண்டும். சவுரிமுத்து போய் நின்றான். சம்பளம் கொஞ்சம்தான், ஆனால் தொட்டிக்குக் கீழே தூண்களுக்கு நடுவில் இருந்த மோட்டார் ரூமில் குடியிருந்துகொள்ளலாம். வாடகை கிடையாது. செல்வமேரிக்கு அது போதும். நாலு வருஷத்தில் ஐந்து வீடு மாறிச் சட்டி பானை சுமந்தவளுக்கு, ஒரே இடத்தில் அடுப்பு வைக்கக் கிடைத்தால் அதுதான் மோட்சம்.

மூன்று தெருவுக்கும் மூன்று வால்வு, தெருமுனையில் குழிக்குள் இருக்கும். இடுப்பளவு உயரத்தில், மேலே குறுக்குக் கம்பி வைத்த இரும்புச் சாவி ஒன்று. அதைக் குழிக்குள் இறக்கிச் சுற்றினால் திறக்கும். முதல் தெருவுக்கு விட்டு, மூடி, இரண்டாம் தெருவுக்குத் திறந்து, மூடி, மூன்றாம் தெருவுக்கு வரவேண்டும். சவுரிமுத்து முதல் வால்வைத் திறப்பான். பால் வாங்கப் போகிற யாராவது எதிரே வருவார்கள். அவ்வளவுதான். தொட்டித் தண்ணீர் மொத்தமும் முதல் தெருவின் குரோட்டன்ஸ் செடிக்குப் போய்ச் சேரும். மூன்றாம் தெருக் குழாயில் புஸ்ஸென்று காற்று வரும்.

வந்த மறு வருஷம் ஒரு நாள், கலர் டிவி பார்த்தால் கண் கெடுமா கெடாதா என்று ஐசக்கின் டீக்கடையில் பெரிய வாதம். ஐசக் கடை அந்த நகரின் முனையில், ஜி.எஸ்.டி. ரோடு போகிற வழியில் இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தொட்டி நிறைந்து வழிந்து, ரூமின் கூரை வழியாகச் செல்வமேரியின் சோற்றுப் பானைக்குள் ஒழுகியது. அவளுக்கு வந்த கோபத்துக்கு நேரே போய் மோட்டாரை அணைத்தாள். சாவியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு போய் மூன்று வால்வையும் தானே திறந்தாள். கைக்கு வராத இடத்தில் வயிற்றைக் கம்பியில் கொடுத்து, செக்கு மாடு மாதிரி சுற்றி வந்தாள். அன்றைக்கு மூன்றாம் தெருவில் எல்லாக் குடமும் நிறைந்தது.

குழாயடியில் நின்ற கனகவல்லி வாயைப் பிளந்தாள். கனகவல்லி சித்தாள் வேலைக்குப் போகிறவள், மூன்றாம் தெருவில் கடைசி வீடு.

"இன்னாக்கா இது, எங்க தெருவுக்கு இம்மாந் தண்ணி வந்துகினு கீது? தொட்டி ஒடஞ்சிட்ச்சா?"

"ஒடையலடி. உங்க அண்ணன் டீக்கடைல கீறாரு."

"அப்ப அங்கியே இருக்கச் சொல்லுக்கா. மாதாவுக்கு நான் மெயுகுவத்தி ஏத்தறேன்."

செல்வமேரிக்கு அன்றைக்குத்தான் விஷயம் பிடிபட்டது. புருஷனைத் திருத்தினால் தண்ணீர் வராது. புருஷனைப் பேசவிட்டால் தண்ணீர் வரும். அதிலிருந்து காலையில் டீயைக் கையில் கொடுக்கும்போதே ஒரு கேள்வியையும் சேர்த்துக் கொடுப்பாள். "ஏன்யா, பஸ் டிக்கெட்ட ஏத்துனானே, நஷ்டம்னு சொல்றது நெசமா?" என்பாள். "ஏன்யா, மெட்ராஸ்ல பேயாத மழ செங்கல்பட்டுல மட்டும் ஏன் பேயுது?" என்பாள். அவன் டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, விஷயம் தெரியாத ஒருத்தியிடம் பதில் சொல்லி என்ன பிரயோஜனம் என்கிற மாதிரி ஐசக் கடைக்கு நடப்பான். இவள் சாவியைத் தோளில் போடுவாள்.

சவுரிமுத்துவுக்கு இது தெரியாதா என்றால், தெரியும். ஆனால் வாயில் விஷயம் இருக்கும்போது கையில் என்ன இருக்கிறது என்று அவன் பார்த்ததில்லை. அவன் கணக்கில் வேலை செய்வது அவன்தான், பெண்டாட்டி கொஞ்சம் கூடமாட ஒத்தாசை செய்கிறாள்.

வருஷம் ஓட ஓட, கேள்விக்குத்தான் பஞ்சம் வந்தது. எந்த வாதமும் பத்து நாளுக்கு மேல் தாங்காது. யாராவது ஜெயித்துவிடுவார்கள், அல்லது அலுத்துவிடும். மறுபடியும் சவுரிமுத்து சாவியைத் தேட ஆரம்பிப்பான், மூன்றாம் தெருவுக்குக் காற்று வரும். செல்வமேரி புதுக் கேள்விக்காகக் குழாயடியில் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பாள்.

1991-ல் ஆண்டவர் கண் திறந்தார். தேசம் தன் தங்கத்தை விமானத்தில் ஏற்றி லண்டனுக்கு அனுப்பி அடகு வைத்துவிட்டது என்று பேப்பரில் போட்டுவிட்டான். மற்றவர்களுக்கு அது இடி. செல்வமேரிக்கு அது வரம்.

மறுநாள் காலையில் டீயை நீட்டினாள். "ஏன்யா, நானு கம்மல வெச்சா ஊரே சிரிக்குது. தேசம் எதுக்குய்யா அடகு வெச்சுது? அதுக்கு இன்னா கொறச்சலு?"

சவுரிமுத்து டீயைக்கூடக் குடிக்கவில்லை. எழுந்து போய்விட்டான்.

ஐசக் கடையில் அவனுக்குச் சரியான எதிராளி ஸ்ரீநிவாசராகவன். முதல் தெருவில் முதல் வீடு. மத்திய சர்க்கார் கணக்கு ஆபீஸில் இருந்து ரிடையர் ஆனவர், நகர்ச் சங்கத்தின் செக்ரட்டரி. இங்கிலீஷ் பேப்பரை நாலாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். வீட்டில் டிகிரி காபி குடித்துவிட்டுத்தான் வருவார். ஆனாலும் ஐசக் கடையில் ஒரு டீ வாங்கிக் கையில் வைத்துக்கொள்வார், பெஞ்சில் உட்கார உரிமை வேண்டுமே.

"வரவுக்கு மேல செலவு, அவ்வளவுதான்யா விஷயம்," என்பார் அவர். "உரத்துக்கு மானியம், அரிசிக்கு மானியம், சர்க்கரைக்கு மானியம். ஊருக்கெல்லாம் சும்மா தூக்கிக் குடுத்தா கஜானா என்னத்துக்கு ஆகும்?"

"அரிசி திங்கறவனா சார் தங்கத்த வெச்சான்?" என்பான் சவுரிமுத்து. "எங்க தெருவுல ஒருத்தன் வூட்லயும் பெட்ரோலு கெடையாது. காரு வெச்சிகினு ரவுண்டு வுடறவன் வூட்டுக்குத்தான் அராப்பு நாட்டுலர்ந்து எண்ண வருது. அங்க சண்ட வந்துச்சு, வெல ஏறிச்சு. அந்தத் துட்ட டாலர்ல குடுக்கணும். டாலரு இன்னா ஏரிலயா மெதக்குது?"

"டாலர் சம்பாதிக்கணும்னா ஏற்றுமதி பண்ணணும். பண்றானா?"

"இன்னாத்த அனுப்பறது சார்? ஒங்கள அனுப்பலாம், திருப்பி அனுப்பிடுவான்."

ஐசக் டீ ஆற்றிக்கொண்டே நடுவில் நுழைவான். "ரெண்டு பேரும் சொல்றது தப்பு. கடனுக்குக் காரணம் கடன் சொல்றவன். அதோ குந்திகினு கீறானே அவன், போன மாசத்து பன்னுக்கு இன்னும் குடுக்கல. இவன மாரி தேசத்துல எத்தினி கோடி பேரோ."

ஒரு நாள் ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், இரண்டு நாள் கழித்து மறுபடியும் குறைத்தார்கள். வாதத்துக்கு அது எண்ணெய் ஊற்றியது. பட்ஜெட் வந்தது, சர்க்கரை விலையும் கேஸ் விலையும் ஏறின. இன்னும் எண்ணெய். மிலிட்டரி துப்பாக்கி, வட்டிக்கு வட்டி, மாருதி காரின் ஜப்பான் சாமான், கல்யாணத்துக்குக் கல்யாணம் நாம் வாங்கிக் குவிக்கிற தங்கம் என்று எல்லாம் வந்து போயின. யாரும் ஜெயிக்கவில்லை. அலுக்கவும் இல்லை. ஆவணி போய் ஐப்பசி வந்தது. மூன்றாம் தெருவில் துணி துவைத்தது போக மிச்சத் தண்ணீரில் கனகவல்லி கீரை போட்டிருந்தாள். தேசம் இன்னும் கொஞ்சம் கடன் வாங்கட்டும் என்று செல்வமேரி ஜெபத்திலேயே சேர்த்துக்கொண்டாள். தப்புதான். ஆனால் தேசத்துக்கு ஜெபிக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள், மூன்றாம் தெருவுக்கு யார் இருக்கிறார்கள்?

வினை ஒரு சனிக்கிழமை வந்தது. ஸ்ரீநிவாசராகவனுக்கு அன்றைக்கு நல்ல உற்சாகம். சர்க்கார் பணத்தை உட்கார்ந்து தின்கிறவர்களால்தான் தேசம் திவாலாகிறது என்று விளாசிக்கொண்டிருந்தார்.

சவுரிமுத்து மெதுவாகக் கேட்டான். "சார், மாசா மாசம் போஸ்ட் ஆபீஸ்ல வரிசைல நின்னு பென்ஷன் வாங்கறீங்களே, அது எந்தக் கணக்குல வருது? வரவுலயா, செலவுலயா?"

பெஞ்சு குலுங்கியது. ஐசக் டீ வடிகட்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். பன் கடன் சொன்னவன்கூடச் சிரித்தான், அதுதான் அவரால் தாங்க முடியவில்லை. பேப்பரைக் கக்கத்தில் வைத்தார், டீயைப் பெஞ்சில் வைத்தார், போய்விட்டார்.

மூன்றாம் நாள் தொட்டித் தூணில் ஒரு நோட்டீஸ். செல்வமேரிக்குப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை நிறுத்திப் படிக்கச் சொன்னாள். தேசமே செலவைக் குறைக்கும் இந்த நேரத்தில் சங்கமும் சிக்கனம் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே மோட்டார் ஆளை நீக்கிவிட்டு, வீட்டுக்கு ஒருவர் முறை வைத்து வால்வு திறப்பது பற்றி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தொட்டியடியில் கூட்டம். இப்படிக்கு, செக்ரட்டரி.

வேலை போனால் ரூமும் போகும். செல்வமேரி நேரே முதல் தெருவுக்குப் போய்ச் செக்ரட்டரி வீட்டுக் கொல்லைப் பக்கம் நின்றாள். அவர் சம்சாரம் சுந்தரவல்லி துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா இது, ஐயா இப்டி பண்ணிட்டாரு?"

"நான் என்னடி பண்றது மேரி? மூணு நாளா மோர் சாதம்கூட இறங்கல அவருக்கு. முப்பது வருஷம் கணக்கு எழுதினவனைப் பார்த்து என்னையே செலவுன்னுட்டானேன்னு ராத்திரியெல்லாம் புலம்பறார்." சுந்தரவல்லி குரலைத் தாழ்த்தினாள். "ஒண்ணு சொல்றேன். உன் வீட்டுக்காரர் நாலு பேர் முன்னாடி, சார் சொன்னதுதான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். உருகிடுவார். அந்த நோட்டீஸை அவரே கிழிச்சுடுவார். நான் கல்யாணமானதிலேர்ந்து அப்படித்தான் காலம் தள்றேன்."

வீட்டுக்கு வந்து புருஷனிடம் சொன்னாள். சவுரிமுத்து அவளை ஏதோ வேதத்தை மாற்றச் சொன்னது போலப் பார்த்தான்.

"தப்ப சரின்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா."

"மானியத்தால கடன் வந்துச்சுன்னு என் வாயால சொல்லணுமா?"

"யாரால வந்தா இன்னாய்யா? நாளைக்கு நீ கரெக்டா சொன்னதுக்காக லண்டன்காரன் நகைய திருப்பிக் குடுத்துருவானா? வூடு போவுதுய்யா."

"வூடு போனா வேற வூடு. வார்த்த போனா?"

"ஒன் வார்த்த எங்க போவுது, ரோடு ரோடா அதுதானே கெடக்குது." அவள் அழவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே சொன்னாள். "நல்லா கேட்டுக்கோ. நீ சொல்லலன்னா, இனிமே உசுரு போற வரைக்கும் நான் உன்ன ஒரு கேள்வியும் கேக்கமாட்டேன். காலைல டீ குடுப்பேன். வாயத் தொறக்க மாட்டேன். எங்க நைனா மாரி."

அதைக் கேட்டுச் சவுரிமுத்துவின் முகம் வெளுத்தது. அந்தோணிசாமியோடு ஒரே ஒரு நாள் அவன் தனியாக இருந்திருக்கிறான். அதை நினைத்தால் இன்னும் அவனுக்கு உடம்பு உதறும்.

"சரி," என்றான். "சொல்றேன்."

ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் பாடம் பண்ணினான். செல்வமேரி இல்லாத நேரத்தில் மோட்டார் ரூம் வாசலில் நின்று, "சார் சொன்னதுதான் சரி," என்று அவள் வளர்த்த கோழிகளுக்குச் சொன்னான். கோழிகள் ஒத்துக்கொண்டன.

அந்த ஞாயிறு காலையில் கரண்ட் இல்லை. மத்தியானத்துக்கு மேல்தான் வந்தது. மோட்டார் ஓடித் தொட்டி நிறையவே சாயங்காலம் ஆகிவிட்டது. காலைத் தண்ணீரே யாருக்கும் வரவில்லை. தெருவுக்குத் தெரு பெண்கள் வெறும் குடத்தோடு குழாயடியில் நிற்க, ஆண்களெல்லாம் தொட்டியடியில் கூட்டத்துக்கு உட்கார்ந்தார்கள். தலைவர் அப்பாதுரை, வீடு கட்டிக் கொடுக்கிற காண்டிராக்டர், மடக்கு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, சீக்கிரம் முடியுங்கள் என்றார்.

சவுரிமுத்து எழுந்தான். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான். செல்வமேரி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எல்லாருக்கும் வணக்கம். அன்னிக்கு டீக்கடைல நான் பேசுனது தப்பு. தேசத்துக் கடனுக்கு இன்னா காரணம்னு சார் சொன்னதுதான் சரி."

ஸ்ரீநிவாசராகவனின் முகத்தில் ஒரு வாரத்துக்குப் பிறகு ரத்தம் ஓடியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுந்து நோட்டீஸைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தார். செல்வமேரி மாதாவுக்கு நன்றி சொல்ல ஆரம்பித்தாள். பாதி ஜெபம்கூட முடியவில்லை.

"ஆனா ஒண்ணு," என்றான் சவுரிமுத்து.

செல்வமேரி கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஆனா ஒண்ணு சார். சரின்னே வெச்சுக்குவோம். செலவு ஜாஸ்தி, அதான் கடன். அப்டீன்னா செலவ யார்கிட்டர்ந்து கொறைக்க ஆரம்பிக்கணும்? ஒசக்க குந்திகினு கீறவன்கிட்டர்ந்தா, இல்ல மோட்டாரு ரூமுலர்ந்தா?"

"அப்படி வா வழிக்கு," என்றார் ஸ்ரீநிவாசராகவன், துடைத்த கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டு. "எல்லாரும் அவா அவா இடத்துலேர்ந்து குறைக்கணும். ஜப்பான்காரன் யுத்தத்துக்கு அப்புறம் என்ன பண்ணினான் தெரியுமோ?"

அவ்வளவுதான், பற்றிக்கொண்டது. ஜப்பான் வந்தது, ரஷ்யா வந்தது. இரண்டாம் தெருவில் இருந்து ஒருவர் எழுந்து, காரணம் ஜனத்தொகை என்றார். பிள்ளை ஆறு பெற்றவர் அவர். ஐசக் கடையைப் பூட்டிவிட்டு வந்து பன் கதையை ஆரம்பித்தான். தலைவர் அப்பாதுரை மேஜையைத் தட்டித் தட்டி, கடைசியில் சிமெண்ட் விலையைப் பற்றித் தானும் ஒரு பேச்சுப் பேசினார். வெயில் சாய்ந்துவிட்டது. தன் வேலை போகப்போகிறதா இல்லையா என்பதைச் சவுரிமுத்துவே மறந்துவிட்டான்.

கனகவல்லி மூன்றாம் தெருவில் இருந்து வெறும் குடத்தோடு வந்து செல்வமேரியின் முந்தானையை இழுத்தாள். "அக்கா, கொயந்தைக்குக் கஞ்சி வெக்கத் தண்ணி இல்லக்கா."

செல்வமேரி கூட்டத்தைப் பார்த்தாள். இங்கேயே நின்று, முடியும்போது காலில் விழுந்தாவது ரூமைக் கேட்கலாம் என்றுதான் வந்திருந்தாள். போனால் அந்த நேரத்தில் முடிவு எடுத்துவிடுவார்கள். நின்றால் இவர்கள் எப்போது முடிப்பார்கள் என்பது ஆண்டவருக்கே தெரியாது. ரூமுக்குள் போய்ச் சாவியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் நடந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து, எதிரே இருந்த முதல் வீட்டின் குழாய் இருமியது. காற்றைத் துப்பிவிட்டுக் கொட்ட ஆரம்பித்தது.

சுந்தரவல்லி வாசலுக்கு வந்தாள். "ஏன்னா, தீர்த்தம் வந்துடுத்து."

"வரட்டும், பேசிண்டிருக்கேனோல்லியோ," என்றவர் சட்டென்று நின்றார். சவுரிமுத்துவைப் பார்த்தார். அவன் கையை உயரத் தூக்கிக்கொண்டு, வட்டியைப் பற்றி ஒரு வாக்கியத்தின் நடுவில் நின்றான். "நீ இங்க இருக்கே. அப்போ வால்வைத் திறந்தது யாரு?"

எல்லோரும் திரும்பினார்கள். தெருமுனையில் செல்வமேரி கம்பியில் வயிற்றைக் கொடுத்து இரண்டாம் வால்வைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"இன்னா சார், புச்சா கேக்கறீங்க," என்றாள் கனகவல்லி. "அஞ்சு வருசமா அக்காதான் தொறக்குது. அண்ணன் தொறந்தா எங்க தெருவுக்குக் காத்துதான் வரும். நீங்க ரெண்டு பேரும் டீக்கடைல சண்ட போட்ற அன்னிக்குத்தான் எங்களுக்குச் சோறு."

ஸ்ரீநிவாசராகவன்தான் முதலில் சுதாரித்தார். கணக்கு ஆபீஸ்காரர் ஆயிற்றே. "ஆகக்கூடி, இவன் வேலை செய்யாம சம்பளம் வாங்கியிருக்கான். அப்போ நீக்கறது நியாயம்தானே?"

செல்வமேரி வந்து நின்றாள். புடவை முழங்கால் வரைக்கும் நனைந்திருந்தது. சாவியைத் தரையில் ஊன்றினாள்.

"நீக்குங்க சார். அவர நீக்குங்க. நானே சொல்றேன்."

"மேரி," என்றான் சவுரிமுத்து.

"நீ கம்முனு இருய்யா. ஒரு நாளாச்சும்." அவள் செக்ரட்டரியிடமே பேசினாள். "அவர் பேர எடுத்துட்டு எம் பேரப் போடுங்க. துட்ட எங்கையில குடுங்க. ரூமு அப்டியே இருக்கட்டும். மொற வெச்சுத் தொறக்கறதுன்னா இந்தாங்க சாவி, மூணாம் வால்வு இன்னும் பாக்கி, மொத ஆளு நீங்க வாங்க."

சாவியை அவர் பக்கம் சாய்த்தாள். ஸ்ரீநிவாசராகவன் தன்னையறியாமல் பிடித்தார். அதன் கனத்துக்கு ஓரடி பின்னால் போய், தலைவரின் மேஜையைப் பிடித்துக்கொண்டார்.

"நோட்டீஸ்ல என்ன போட்டிருக்கேள், மோட்டார் ஆளை நீக்கறதுன்னுதானே?" என்று வாசலில் இருந்தே கேட்டாள் சுந்தரவல்லி. "நீக்கியாச்சு. நீங்க ஜெயிச்சுட்டேள். ஆத்துக்குள்ள வந்து மோர் சாதம் சாப்பிடுங்கோ."

ஜெயித்துவிட்டேள் என்ற வார்த்தை அவருக்கு எங்கே போய்த் தைத்ததோ, சாவியைப் பத்திரமாகச் செல்வமேரியிடம் திருப்பிக் கொடுத்தார். தலைவர் அப்பாதுரை கையைத் தூக்கச் சொன்னார். எல்லாக் கையும் எழுந்தது. சவுரிமுத்துவின் கை ஏற்கெனவே மேலே இருந்தது.

மறுநாள் காலையில் செல்வமேரி டீயை நீட்டினாள். அவன் வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான். பேர் போய்விட்டதில் கொஞ்சம் வாட்டம்தான், இல்லை என்று சொல்ல முடியாது. அவள் சாவியைத் தோளில் போட்டதும் எழுந்து வந்தான்.

"குடு, மொத வால்வயாச்சும் நான் சுத்தறேன்."

"வேணாம்."

"சும்மா குந்தினு இன்னா பண்றது?"

அவள் தெருமுனைப் பக்கம் பார்த்தாள். ஐசக் கடைப் பெஞ்சில் ஸ்ரீநிவாசராகவன் பேப்பரை நாலாக மடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். டீ ஆறிக்கொண்டிருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை தொட்டிப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏன்யா," என்றாள் செல்வமேரி, "அந்த நகைய லண்டன்லர்ந்து மூட்டுட்டாங்களா இல்லியா?"

சவுரிமுத்து டீயைக் கீழே வைத்துவிட்டு நடந்தான். அவன் போய்ப் பெஞ்சில் உட்காருகிற வரைக்கும் பார்த்திருந்துவிட்டு, அவள் சாவியைத் தூக்கிக்கொண்டு நேரே மூன்றாம் தெருவுக்குப் போனாள். அன்றையிலிருந்து முதல் வால்வு அதுதான்.